முந்நூறு பேருக்கு யார் சமைத்தது?

2007-ஆம் வருடம். கல்லூரி விடுதியில் இரண்டாம் மாடி அறை ஒன்று. அறைக்குச் சொந்தக்காரர்கள் மூன்று பேர். அன்றிரவு உள்ளே அடைந்திருந்தவர்கள் இருபதுக்கு மேல். கட்டில் மேல் ஏழெட்டுப் பேர், மேசையில் இரண்டு பேர், ஜன்னல் திண்டில் ஒருவன், மீதிப் பேர் தரையில். எல்லோர் கண்ணும் ஒரே ஒரு பதினேழு அங்குல மானிட்டர் மேல். ஸ்பீக்கர் பக்கத்து அறையில் கடன் வாங்கியது. ஓடிக்கொண்டிருந்த படம் '300'. கிரேக்கத்தின் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸ் முந்நூறு வீரர்களோடு தெர்மோபைலே கணவாயில் பெரும் பாரசீகப் படையை எதிர்த்து நின்று சாகும் கதை. லியோனிடாஸ் பாரசீகத் தூதனைக் கிணற்றுக்குள் உதைத்துத் தள்ளும் இடத்தில் நாங்கள் போட்ட சத்தத்துக்குக் கீழே இருந்த வாட்ச்மேன் டார்ச்சோடு ஏறி வந்துவிட்டார். திட்டத்தான் வந்தார். வாசலில் நின்று பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "சவுண்டைக் குறைங்கப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் கூட்டத்தில் எங்கள் மெஸ் ரெப்பும் இருந்தான். எங்கள் விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்துப் பில் போடுவார்கள். அந்தக் கணக்கைப் பார்ப்பது அவன் வேலை. விடுதியில் நாங்களும் ஏறக்குறைய முந்நூறு பேர். படத்தில் ஒரு காட்சி வரும். வழியில் சேர்ந்துகொள்ளும் ஆர்கேடியர்கள் என்ற வேறு கிரேக்கர்கள், "ஸ்பார்ட்டாவிலிருந்து இத்தனை பேர்தானா?" என்று கேட்பார்கள். லியோனிடாஸ் அவர்களில் சிலரிடம் உன் தொழில் என்ன என்று விசாரிப்பான். ஒருவன் குயவன், ஒருவன் சிற்பி, ஒருவன் கொல்லன். பிறகு தன் ஆட்களைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்க, முந்நூறு பேரும் ஈட்டியைத் தூக்கி உறுமுவார்கள். உன்னைவிட நான்தான் அதிக வீரர்களைக் கொண்டுவந்திருக்கிறேன் பார் என்பான் லியோனிடாஸ். அறையே உறுமியது. அது அடங்கியதும் மெஸ் ரெப் கேட்டான்: "அதெல்லாம் சரிடா, இந்த முந்நூறு பேருக்கு மெஸ் யாரு பாக்குறா? ஒரு வேளைக்கே ஒன்றரைச் சிப்பம் அரிசி வேணும். தூக்கிட்டு வந்த மாதிரியே தெரியலையே?" யாரோ தலையணையை எடுத்து அவன் மேல் வீசினார்கள். படம் தொடர்ந்தது.

சிரித்துவிட்டு மறக்க வேண்டிய ஜோக் அது. நான் மறக்கவில்லை. அதன் பிறகு படத்தை எத்தனை முறை பார்த்தேனோ அத்தனை முறையும் அந்தக் காட்சி வந்ததும் ஒன்றரைச் சிப்பம் ஞாபகம் வந்துவிடும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு இந்தப் படம் பிடிக்கும். இப்போதும் டிவியில் வந்தால் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுவேன். ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்து, லின் வார்லி வண்ணம் தீட்டி 1998-இல் வந்த ஐந்து பாகச் சித்திரக் கதையை எடுத்து, ஸாக் ஸ்னைடர் அதன் பக்கங்களைக் கிட்டத்தட்ட அப்படியே திரையில் விரித்தார். மாண்ட்ரியலில் நீலத்திரைக்கு முன்னால் அறுபது நாளில் படப்பிடிப்பு முடிந்திருக்கிறது. கடல், மலை, வானம், புயல் எல்லாம் பிறகு கணினியில் வந்தவை. பாரசீகத் தூதர்கள் குதிரையில் வரும் காட்சி ஒன்றைத்தான் வெளியே போய் எடுத்தார்கள். படத்தில் இருக்கும் சுமார் 1500 ஷாட்டுகளில் 1300 ஷாட்டுகள் கிராஃபிக்ஸ் கை பட்டவை. பிறகு நிறத்திலும் கை வைத்தார்கள். இருட்டை இன்னும் இருட்டாக்கி, வெளிச்சத்தைக் கூட்டி, மற்ற நிறங்களையெல்லாம் வற்றவிட்டு, மேலங்கியின் சிவப்பையும் தோலின் செம்பு நிறத்தையும் மட்டும் விட்டுவைத்தார்கள். செலவு சுமார் 65 மில்லியன் டாலர், வசூல் 450 மில்லியனுக்கு மேல்.

இவ்வளவும் தெரிந்த பிறகும் லியோனிடாஸ் தனியே முன்னேறிப் போகும் அந்த நீண்ட ஷாட் என்னை உட்கார வைத்துவிடுகிறது. வெட்டே இல்லாதது போல் கேமரா அவனோடு பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருக்கும். ஈட்டி ஒருவனுக்குள் இறங்கும் கணத்தில் காலம் நின்றுவிடும், ரத்தம் காற்றில் மிதக்கும். அடுத்த கணம் சடாரென்று வேகம் பிடித்து அடுத்தவனிடம் போய்விடும். ஒரே அசைவை வெவ்வேறு லென்ஸ் பொருத்திய கேமராக்களால் ஒரே நேரத்தில் அதிவேகத்தில் எடுத்து, எடிட்டிங்கில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருக்கிறார்கள். சண்டை என்பதை விட நடனம் என்று சொல்லலாம். எந்த அடி எங்கே விழுந்தது என்பது பார்ப்பவனுக்குக் குழம்பாது. பின்னால் வந்த எத்தனையோ படங்கள் அந்த மெதுவையும் வேகத்தையும் கடன் வாங்கின. தெளிவை விட்டுவிட்டார்கள்.

நடிகர்களுக்குக் கொடுத்த உடற்பயிற்சியும் அந்த வருடம் ஒரு ஜுரம் மாதிரி பரவியது. புல்-அப், டெட்லிஃப்ட், புஷ்-அப் என்று எல்லாம் சேர்த்து எண்ணிக்கை 300 வரும்படி அமைத்த பயிற்சி. எங்கள் விடுதியில் ஜிம் கிடையாது. பெயிண்ட் டப்பா இரண்டில் சிமெண்டைக் கொட்டி நடுவில் கம்பியை நட்டார்கள். குளியலறைக் கதவின் மேல்சட்டம் புல்-அப் கம்பியானது. மூன்றாம் நாள் சட்டம் பெயர்ந்து வந்தது. அந்தச் செலவும் மாதக் கடைசியில் தலைக்கு இவ்வளவு என்று வகுபட்டது.

கதை சொல்பவனின் கண்

இந்தப் படத்தைத் திட்டுபவர்களோடு நான் நிறைய வாதாடியிருக்கிறேன். திட்டுவதற்குக் காரணத்துக்குப் பஞ்சமில்லை. பாரசீகப் படையில் ஆளுயரத்தை விடப் பெரிய அரக்கர்கள், கைக்குப் பதில் வாள் முளைத்த மனிதன், மூக்கில் வளையமும் மொட்டைத் தலையுமாக ராட்சத உயரத்தில் நிற்கும் பாரசீக அரசன் செர்க்சஸ். பெர்செபோலிஸ் சிற்பங்களில் பாரசீக அரசர்கள் சுருள் தாடியும் மடிப்பு மடிப்பான அங்கியுமாகக் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவர்களுக்குக் கோபம் வராமல் இருக்காது. படம் வந்தபோது ஈரானில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. பக்கத்து ஈராக்கில் அமெரிக்கப் படை நின்றுகொண்டிருந்த நேரம் அது. அவர்கள் அதை வெறும் சினிமா என்று எடுத்துக்கொள்ளாததில் ஆச்சரியம் இல்லை.

இதற்கெல்லாம் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. இது டிலியோஸ் சொல்லும் கதை. படத்தில் ஒரு கண்ணை இழந்த டிலியோஸை, நடந்ததை ஊருக்குச் சொல் என்று லியோனிடாஸ் திருப்பி அனுப்பிவிடுவான். நாம் பார்ப்பது முழுக்க அவன் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் படைக்குச் சொல்லும் கதைதான். நாளை சண்டைக்குப் போகிறவர்களுக்குக் கதை சொல்பவன் எதிரியை அரக்கனாகத்தான் காட்டுவான், யானையை மலையாகத்தான் காட்டுவான். ஸ்னைடரும் பேட்டிகளில் இந்த விளக்கத்தைத்தான் தந்தார். பரணி பாடுகிறவன் போர்க்களத்தில் பேய்களைக் கூழ் காய்ச்ச விடுகிறானே, அவனிடம் போய் ஆதாரம் கேட்போமா என்று நான் கூடுதலாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வேன். வாதம் பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும்.

நல்ல வாதம்தான். அதை நான் முழுக்கக் கைவிடவும் இல்லை. ஆனால் பொதுமுடக்கக் காலத்தில், வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோடஸை ஆங்கிலத்தில் முழுசாகப் படிக்க ஆரம்பித்தேன். தெர்மோபைலே வரும் ஏழாவது புத்தகத்துக்குத்தான் நேராகத் தாவினேன், சொல்ல வெட்கமில்லை.

படத்தில் ரசித்த பல விஷயங்கள் அவரிடமே இருந்தன. அம்புகள் சூரியனை மறைக்கும் என்றபோது நிழலில் சண்டை போடலாம் என்று சொன்னவன் இருக்கிறான், பெயர் டியனெசெஸ். சண்டைக்கு முன்னால் ஸ்பார்ட்டாக்காரர்கள் தலை வாரிக்கொண்டிருந்ததை பாரசீக ஒற்றன் ஒருவன் பார்த்துவிட்டுப் போய்க் குழம்புகிறான். அந்தக் குழப்பத்தைச் செர்க்சஸுக்குத் தீர்த்துவைப்பவன் டெமராட்டஸ். நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட முன்னாள் ஸ்பார்ட்டா அரசன் அவன், பாரசீகப் பாசறையிலேயே உட்கார்ந்திருக்கிறான்! இப்படி ஒரு பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எப்படித்தான் விட்டார்களோ. முந்நூறு பேரும் மகன் உள்ள அப்பாக்கள் என்பதும் அங்கே இருக்கிறது.

அந்த உதையும் இருக்கிறது. ஆனால் ஆளும் வேறு, ஆண்டும் வேறு. தூதர்களைக் கிணற்றில் தள்ளியது ஏறக்குறைய பத்து ஆண்டுகளுக்கு முன்னால், செர்க்சஸின் அப்பா தாரியஸ் காலத்தில். அடிபணிவதன் அடையாளமாக மண்ணும் நீரும் கேட்டு வந்தார்கள், கிணற்றில் எடுத்துக்கொள் என்று தள்ளிவிட்டார்கள். லியோனிடாஸ் அப்போது அரசனே இல்லை. படம் எங்கே வெட்டுகிறதோ அங்கிருந்து ஹெரோடோடஸ் தொடர்கிறார். தூதனைக் கொன்ற பாவம் ஸ்பார்ட்டாவைப் பிடித்துக்கொள்கிறது, பலி கொடுத்தால் நல்ல சகுனம் வரவே மாட்டேன் என்கிறது. ஊர்க்கூட்டம் கூட்டி, ஸ்பார்ட்டாவுக்காகச் சாக யாராவது இருக்கிறீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஸ்பெர்தியாஸ், பூலிஸ் என்று நல்ல குடும்பத்து ஆட்கள் இரண்டு பேர் முன்வந்து, அத்தனை தூரம் சூசா நகருக்குப் போய், எங்களைக் கொன்று கணக்கை நேர்செய்துகொள் என்று செர்க்சஸ் முன்னால் நிற்கிறார்கள். செர்க்சஸ் மறுத்துவிடுகிறான். தூதர்களைக் கொன்று உலக வழக்கத்தையே உடைத்தவர்கள் நீங்கள், அதே காரியத்தை நானும் செய்ய மாட்டேன், உங்களைக் கொன்று உங்கள் பாவத்தையும் தீர்த்துவிட மாட்டேன் என்கிறான். நாங்கள் வாட்ச்மேனை எழுப்பும் அளவுக்குக் கத்திய காட்சியின் மிச்சக் கதை இது. படித்துவிட்டு அன்றிரவு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அப்போதும் என் வாதம் உடையவில்லை. டிலியோஸ் இதை மறைப்பான், நியாயம்தானே? தன் ஊரின் பாவத்தை யார் படைக்கு முன்னால் சொல்வார்கள்?

கைபிடித்துக் கூட்டிப் போனவன்

உடைத்தது ஒரு ஆள். அவனுக்குப் பெயர் கிடையாது, ஹெரோடோடஸில் ஒரே ஒரு வாக்கியத்தில் வருகிறான்.

முந்நூறு பேரில் யூரிட்டஸ், அரிஸ்டோடெமஸ் என்று இரண்டு பேருக்குக் கண்நோய் கடுமையாக வந்துவிட்டது. லியோனிடாஸ் அவர்களை அனுப்பிவிட, பக்கத்தில் அல்பெனி என்ற ஊரில் படுத்துக் கிடக்கிறார்கள். பாரசீகர்கள் மலைப்பாதை வழியாகச் சுற்றி வந்துவிட்ட செய்தி அங்கே வருகிறது. யூரிட்டஸ் கவசத்தைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறான். கண் தெரியவில்லை. தன் அடிமையான ஹெலட்டைக் கூப்பிட்டு, சண்டை நடக்கும் இடத்துக்கு என்னைக் கூட்டிப்போ என்கிறான். ஹெலட் கூட்டிக்கொண்டு போய் விடுகிறான். விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். யூரிட்டஸ் கூட்டத்துக்குள் பாய்ந்து சாகிறான்.

ஹெலட்டுகள் யார் என்று எனக்கு ஓரளவு தெரியும். ஸ்பார்ட்டாவின் நிலத்தில் உழைத்து விளைச்சலைக் கொடுத்தாக வேண்டியவர்கள், அடிமைப்படுத்தப்பட்ட முழு மக்கள் கூட்டம், குறிப்பாக மெசேனியாக்காரர்கள். ஸ்பார்ட்டாக் குடிமகனுக்குப் போரைத் தவிர வேறு தொழில் கூடாது என்றால் அவன் வயலை வேறு யாரோ உழுதிருக்க வேண்டும். இதெல்லாம் எங்கோ படித்ததுதான். ஆனால் இந்த வாக்கியத்தில்தான் முதல்முறை ஒரு ஹெலட்டை ஆளாகப் பார்த்தேன். தெர்மோபைலேயில், அந்தக் கடைசி நாளில், அந்த மண்ணில் அவன் இருந்திருக்கிறான். கண் தெரியாதவன் ஒரு கையால் அவன் தோளையோ கையையோ பிடித்திருப்பான், இன்னொரு கையில் கேடயம். பாதை முழுக்க வழி சொல்லிக்கொண்டே போயிருப்பான்: கல் இருக்கிறது, இங்கே இறக்கம், காலைத் தூக்கி வை. அம்பு விழும் தூரம் வந்ததும் கையை விட்டிருப்பான்.

எட்டாவது புத்தகத்தில் இன்னொன்று. சண்டை முடிந்ததும் செர்க்சஸ் ஒரு வேலை செய்கிறான். தன் பக்கத்தில் செத்த இருபதாயிரம் பேரில் ஆயிரம் பேரை மட்டும் கண்ணில் படும்படி விட்டுவிட்டு, மற்றவர்களைக் குழி தோண்டிப் புதைத்து, மேலே இலையும் மண்ணும் தூவி மறைக்கிறான். பிறகு கப்பற்படையில் இருப்பவர்களை, வந்து பாருங்கள் என்று அழைக்கிறான். படகுக்கு அடிபிடி என்கிற அளவுக்குக் கூட்டம் போகிறது. கிரேக்கப் பிணங்களை ஒரே இடத்தில் குவித்து வைத்திருக்கிறார்கள். கிடப்பவர்கள் எல்லோரும் ஸ்பார்ட்டாக்காரர்களும் தெஸ்பியாக்காரர்களும் என்று பார்க்க வந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள், ஆனால் அவர்கள் பார்த்த உடல்களில் ஹெலட்டுகளும் இருந்தார்கள் என்று போகிற போக்கில் எழுதிவிட்டுப் போகிறார் ஹெரோடோடஸ். ஆக, எல்லோரும் ஓடிவிடவில்லை.

தெஸ்பியாக்காரர்களுக்கு வேறு ஒரு கட்டுரை வேண்டும். எழுநூறு பேர், டெமோஃபிலஸ் தலைமையில், கடைசி நாளில் போக மாட்டோம் என்று நின்று அத்தனை பேரும் செத்தார்கள். படத்தில் அப்படி ஒரு ஊரே இல்லை. இன்று தெர்மோபைலேயில் லியோனிடாஸுக்கு 1955-இல் வைத்த வெண்கலச் சிலை நிற்கிறது. இவர்களுக்கான நினைவுச்சின்னம் 1997-இல்தான் வந்தது.

டிலியோஸ் எதை மறைத்திருப்பான்?

இப்போது என் பழைய வாதத்துக்குத் திரும்பி வருகிறேன். இது டிலியோஸ் சொல்லும் கதை, அதனால் ஹெலட்டுகள் இல்லை. சரியா?

சரியில்லை. ஸ்பார்ட்டாக்காரன் ஒருவன் ஹெலட்டுகளை ஏன் மறைக்கப் போகிறான்? அவனுக்கு அதில் என்ன வெட்கம்? ஸ்பார்ட்டாவின் உயர் அதிகாரிகளான எஃபோர்கள் ஒவ்வொரு ஆண்டும் பதவியேற்றதும் ஹெலட்டுகள் மேல் முறைப்படி போர் அறிவிப்பார்கள், கொன்றால் பாவம் சேராமல் இருப்பதற்காக. அரிஸ்டாட்டில் சொன்னதாக புளூட்டார்க் எழுதிவைத்திருக்கிறார். படத்தில் சீழ் பிடித்த முகத்தோடு மலையுச்சியில் லஞ்சம் வாங்கும் கிழவர்களாக வரும் எஃபோர்கள் உண்மையில் ஆண்டுக்கு ஐந்து பேராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஹெலட்டுகள் மேல் போர் அறிவிப்பதை மறைக்க அவர்களுக்கு அவசியமே இருக்கவில்லை. தெர்மோபைலேக்கு ஐம்பது அறுபது ஆண்டு கழித்து நடந்ததை இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடீஸ் சொல்கிறார். போரில் நன்றாக உழைத்தவர்கள் என்று நினைப்பவர்கள் முன்வாருங்கள், விடுதலை தருகிறோம் என்று ஹெலட்டுகளிடம் அறிவித்தார்கள். சுமார் 2000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் தலையில் மாலை சூடிக்கொண்டு கோயில் கோயிலாகச் சுற்றி வந்தார்கள், விடுதலை கிடைத்துவிட்டது என்று. அதிக நாள் ஆகவில்லை, அத்தனை பேரும் காணாமல் போனார்கள். ஒவ்வொருவனும் எப்படிச் செத்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. முதலில் முன்வரத் துணிந்தவன்தான் முதலில் கலகமும் செய்வான் என்பது ஸ்பார்ட்டாவின் கணக்கு.

இப்படிப்பட்ட ஊர்க்காரன் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கதை சொன்னால் யூரிட்டஸின் ஹெலட் கட்டாயம் அதில் வருவான். எப்படி வருவான்? ஓடிப்போனவனாக வருவான், கேலிக்கு வருவான். "கண் தெரியாத எசமான் உள்ளே போனான், கண் தெரிந்த நாய் ஓடிப்போச்சு" என்று ஒரு வரி, கூட்டம் சிரிக்கும். மறைக்க மாட்டான். டிலியோஸே எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறான். கண் பழுதாகிப் பிழைத்து ஊர் திரும்பிய ஸ்பார்ட்டாக்காரன் என்றால் எனக்கு அந்த அரிஸ்டோடெமஸ்தான் ஞாபகம் வருகிறான். யூரிட்டஸோடு படுத்துக் கிடந்தவன், சண்டைக்குப் போகாமல் வீடு திரும்பியவன். அவனை ஊர் கதை சொல்லவா விட்டது? அடுப்பு பற்றவைக்க நெருப்புத் தர ஆளில்லை, பேச ஆளில்லை, நடுங்கி என்று பட்டப்பெயர். அடுத்த ஆண்டு பிளாட்டியாப் போரில் வரிசையை விட்டு வெறிபிடித்துப் பாய்ந்து செத்தான். அவன்தான் அன்றைக்குச் சிறந்த வீரன் என்கிறார் ஹெரோடோடஸ். சாக ஆசைப்பட்டுச் செத்தவனுக்கு மரியாதை கிடையாது என்று ஸ்பார்ட்டாக்காரர்கள் அதையும் மறுத்துவிட்டார்கள்.

அரக்கர்கள் டிலியோஸின் கற்பனை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஹெலட்டுகளைக் காணாமல் போக்கியது அவனில்லை. படம் நெடுக லியோனிடாஸும் அவன் மனைவியும் சுதந்திரம், சுதந்திர மனிதர்கள் என்று பேசிக்கொண்டே இருக்கிறார்கள். எதிரியின் படையோ சாட்டையால் ஓட்டப்படும் அடிமைக் கூட்டம். (சாட்டை பொய்யில்லை, ஹெரோடோடஸும் சொல்கிறார்.) இந்த வசனத்தைக் கேட்டுக் கைதட்ட வேண்டியவர்கள் பிளாட்டியாவில் நெருப்பைச் சுற்றி இருந்தவர்கள் இல்லை, 2007-இல் டிக்கெட் வாங்கியவர்கள், இருபது பேராக ஒரு மானிட்டர் முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்கள். லியோனிடாஸுக்குப் பின்னால் அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒருவன் நடந்து வந்தால் எங்களுக்கு அந்த வசனம் தொண்டையில் சிக்கியிருக்கும். ஸ்பார்ட்டாக்காரனுக்குச் சிக்காது. அவன் அகராதியில் சுதந்திரம் என்றால் அந்த மூட்டையை நான் தூக்க வேண்டியதில்லை என்றும் ஒரு பொருள் உண்டு. எங்களுக்கு நோகக் கூடாது என்றுதான் கழுவித் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கதை சொல்பவன் தலையில் கட்டி இத்தனை வருடம் வாதாடியிருக்கிறேன்.

சென்ற மாதம் மறுபடி பார்த்தேன். கடைசிக் காட்சியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். பிளாட்டியா வயலில் டிலியோஸ் படைக்கு முன்னால் நின்று பேசுகிறான்: பத்தாயிரம் ஸ்பார்ட்டாக்காரர்கள், அவர்கள் பின்னால் முப்பதாயிரம் சுதந்திரக் கிரேக்கர்கள். கேமரா பின்னுக்குப் போகப் போகக் கேடயங்கள் அடிவானம் வரை விரிகின்றன. அதே வயலுக்கு ஹெரோடோடஸ் கொடுக்கும் கணக்கு என் கையில் இருந்தது. ஸ்பார்ட்டா நகரக் குடிமக்கள் 5000 பேர், அந்த நாட்டின் மற்ற ஊர்க்காரர்கள் 5000 பேர். குடிமகன் ஒருவனுக்கு ஏழு ஹெலட்டுகள் வீதம் 35,000 பேர். கேடயங்களுக்கு நடுவே இடைவெளி தெரிகிறதா என்று பார்த்தேன். கணினியில் வரைந்த கூட்டம், ஒருவன் போலவே எல்லோரும் இருந்தார்கள்.

அப்புறம், அந்த மெஸ் ரெப்புக்குப் போன் செய்தேன். அவன் இப்போது ஈரோட்டில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறான். தொழில் ஒன்றும் மாறவில்லை, ஆள் கணக்குதான் ஆயிரம் இரண்டாயிரம் என்று ஏறிவிட்டது. உன் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்றேன். எந்தக் கேள்வி என்றான். அவனுக்கு ஞாபகமே இல்லை!

சொன்னேன். ஸ்பார்ட்டாவே ஒரு விடுதி மாதிரிதான். ஏழு வயதில் பையன்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். வளர்ந்த பிறகும் ஒவ்வொரு குடிமகனும் தினமும் மெஸ்ஸில்தான் சாப்பிட வேண்டும், வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார முடியாது. ஒரு மெஸ்ஸுக்குப் பதினைந்து பேர் மாதிரி. மாதா மாதம் தலைக்கு இவ்வளவு வாற்கோதுமை மாவு, ஒயின், பாலாடைக்கட்டி, அத்திப்பழம் என்று கணக்கு, மேற்செலவுக்குக் கொஞ்சம் காசு. புது ஆள் சேர வேண்டுமென்றால் ஓட்டு. வேலைக்காரன் தலையில் ஒரு பாத்திரத்தை வைத்துக்கொண்டு வரிசையாக வருவான், ஒவ்வொருவரும் ரொட்டி உருண்டை ஒன்றை அதில் போடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் நசுக்கிப் போடுவது. ஒரே ஒரு உருண்டை நசுங்கியிருந்தாலும் ஆள் வெளியே. அவர்களுடைய கருப்புக் குழம்பு அந்தக் காலத்திலேயே பேர்போனது. பாண்டஸ் நாட்டு ராஜா ஒருவன் அந்தக் குழம்புக்காகவே ஒரு சமையல்காரனை விலைக்கு வாங்கியிருக்கிறான். வாயில் வைத்ததும் முகம் சுளித்தானாம். எங்கள் ஊர் யூரோட்டஸ் ஆற்றில் குளித்துவிட்டு வந்தால்தான் இது ருசிக்கும் என்றானாம் சமையல்காரன்.

"அப்படித்தான்டா சொல்லணும்" என்றான் நண்பன். தொழில் பாசம்.

"மெஸ் பில் கட்ட முடியலைன்னா என்ன ஆகும் தெரியுமா? குடியுரிமையே போயிடும்."

"நம்ம வார்டனே பரவாயில்லை. ஹால் டிக்கெட்டைத்தான் புடிச்சு வெச்சுக்குவாரு." கொஞ்சம் யோசித்தான். "சரி, அந்த மாவு யாரு வயல்ல வெளைஞ்சது?"

அதற்குத்தான் போன் செய்தேன் என்று ஹெலட்டுகளைப் பற்றிச் சொன்னேன். யூரிட்டஸைப் பற்றியும் சொன்னேன், கண் தெரியாமல் கவசம் போட்டுக்கொண்டது, கைபிடித்துக் கூட்டிப் போக ஆளைக் கூப்பிட்டது. அவன் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. யாரையோ, அண்டாவைப் பாத்து இறக்குப்பா என்றான். பிறகு என்னிடம், "ஓடுனானே, அவன் தப்பிச்சானா?"

"அதுக்கு மேல எழுதலை."

"சுத்தி வளைச்சுட்டாங்கன்னு சொன்னியே, எந்தப் பக்கம் ஓடியிருப்பான்?"

வரைபடத்தைத் திறந்து பார்த்தேன். ஸ்பெர்கியோஸ் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் கடலே இப்போது பல கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அன்றைக்கு ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை. மேற்கே பாரசீகப் படை நின்றது, கிழக்கே மலைப்பாதை இறங்கும் இடத்தில் சுற்றி வந்தவர்கள்.

"மலை மேலதான் ஏறியிருக்கணும்" என்றேன்.

"ஏறியிருப்பான்" என்றான். மாலை ரிசப்ஷனுக்கு ஆயிரத்து இருநூறு பேர், காய் இன்னும் வந்து சேரவில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.